கரடிக்கு வாங்கிய ஸ்ப்ரே

கோத்தகிரிக்கு மலையேறப் போகலாம் என்று தோழிகள் கூப்பிட்டதிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே தேயிலைத் தோட்டங்களில் கரடி நடமாட்டம் அதிகமாம். கையில் எதை எடுத்துப் போவது, துப்பாக்கியா, மிளகாய் ஸ்ப்ரேயா?

வடபழனியில் இருக்கும் என் தம்பி, "துப்பாக்கி வாங்கிக்கோக்கா. ஸ்ப்ரேவுக்கெல்லாம் கரடி பயப்படுமா இன்னா?" என்றான். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி ஏது? லைசென்ஸ் கேட்காத ஏர் பிஸ்டலால் சுட்டால் கரடிக்குக் கோபம்தான் வரும். மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் மிளகாய் ஸ்ப்ரே ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் சாமி முன் வைத்துக் குங்குமம் இடுவது வழக்கம். பார்சலைப் பிரித்த என் கணவர் அதையே செய்து, விளக்கும் ஏற்றிவிட்டு, போன் பேச மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நான் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், எரிகிற குத்துவிளக்கை ஒட்டிக் குங்குமப் பொட்டோடு நிற்கிறது அந்த ஸ்ப்ரே டப்பா! 'தீயருகே வைத்தால் வெடிக்கும்' என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. தொட்டேன், சுட்டது. சட்டென்று விளக்கை வாயால் ஊதி அணைத்தேன். டப்பாவைத் துண்டால் பிடித்து வாளித் தண்ணீரில் போட்டேன்.

இறங்கி வந்த கணவர் முதலில் கேட்டது, "ஐயோ, விளக்க வாயாலயா ஊதுன?"

"ஊதலேன்னா வீடே வெடிச்சிருக்கும்!" என்று கத்தினேன்.

கோத்தகிரியில், சத்தம் கேட்டால் கரடி விலகிப் போய்விடும் என்று வழிகாட்டி சொன்னதால், சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தோம். கரடி வரவில்லை.

புதுப்பொருள் இப்போதும் சாமி முன்தான் போகிறது. ஆனால் அதில் எழுதியிருப்பதை நான் படித்து முடிக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் தீப்பெட்டியைத் தொடக் கூடாது.