சவரிமுத்து மாட்டிய பெட்டிகள்

காலையில் பேக்கிங் பகுதி பாண்டியம்மாள் தொலைபேசியில் அழைத்து, "சார், நம்ம சவரிண்ணே போயிட்டாரு சார்" என்றார். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எத்தனை மணிக்கு, அடக்கம் எப்போது என்று வரிசையாகக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். பதற்றம் வந்தால் நான் அப்படித்தான்.

கல்லறைத் தோட்டத்தில் நம் கம்பெனிக்காரர் ஒருவர், "தங்கமான மனுசன். பெட்டி மாட்டுற வேலைதான் அவருக்குக் கைவரல" என்றார். சவரிமுத்துவின் மகள் ஸ்டெல்லா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. சவரிமுத்துவுடன் வேலை பார்த்த உங்களுக்கு இதை எழுதுவது அதனால்தான்.

நாம் செய்வது, தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே ரிமோட்டால் ஓட்டும் பெட்டி. அதற்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை வரைபவன் நான். போர்டின் ஒரு மூலையில் சிறிய ரேடியோ மாட்யூல் உட்காரும். அதன் நுனியில் நெளிநெளியாக ஓடும் கோடுதான் ஆன்டெனா. போர்டில் மற்ற இடமெல்லாம் கிரவுண்டுக்காக, அதாவது மின்சாரம் திரும்பிவரும் பாதைக்காக, செம்பைப் பரப்ப வேண்டும். இடைவெளியில்லாமல் பரப்பினால் நல்லது. ஆன்டெனா இருக்கும் மூலையில் மட்டும் போர்டின் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் செம்பு இருக்கக்கூடாது. இருந்தால் அலை தொலைவுக்குப் போகாது. நான் மேல்பக்கத்தைக் காலியாக விட்டேன், அடிப்பக்கத்தை நிரப்பிவிட்டேன். பல வருடம் ஸ்டெபிலைசர் போர்டு வரைந்தவன். வெற்றிடம் கண்டால் கிரவுண்டால் நிரப்புவது கையோடு வந்துவிட்ட பழக்கம். சோதித்தபோது ரிமோட்டும் பெட்டியும் ஒரே மேசையில் இருந்தன. ஒழுங்காக வேலை செய்தது. சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெட்டிகளை மாட்டப் போனவர் சவரிமுத்து. ஆத்தூரில் ஒரு தென்னந்தோப்புக்காரர் எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்டாராம்: "ஏம்ப்பா, ரிமோட்டத் தூக்கிக்கிட்டு மோட்டார் கிட்டயே வரணும்னா, வந்த கையோட சுவிட்சப் போட்டுட்டுப் போயிற மாட்டனா?" இதைச் சொல்லிச் சவரிமுத்துவே சிரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒவ்வொரு தோட்டத்திலும் ரிமோட் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று காலடி வைத்து அளந்திருந்தார்.

"பாருங்க சார். தோப்புன்னாலும் நாப்பது காலடிதான், பொட்டக்காடுன்னாலும் நாப்பது காலடிதான். அப்பக் கோளாறு தோட்டத்துலயா இருக்கு?"

அந்தத் தாளைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வரைபடத்தைத் திறந்தேன். அடிப்பக்கச் செம்பு ஆன்டெனாவுக்கு நேர் கீழே கிடந்தது. "பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் முதலாளி அவரைச் சத்தம் போட்டார். "பெட்டிய எந்த இடத்துல மாட்டணும்னு கூடவா தெரியாது? இத்தன வருசம் என்னத்தப் படிச்ச?" கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஆறு அடி நடந்தால் போதும். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் என்னை வைத்திருந்தார்கள். போகச் சொன்னால் வேறு எவரும் எடுக்க மாட்டார்கள் என்று பயந்தேன். அது காரணம்தானா, சாக்கா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. சவரிமுத்துவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

நான் ஓசையில்லாமல் வரைபடத்தைத் திருத்தினேன். குறிப்பில் 'சிறு மாற்றம்' என்று எழுதினேன். புதிய போர்டுகளோடு, மாட்டுவதற்குப் புதிய ஆளும் அதே வாரத்தில் தோட்டங்களுக்குப் போனார். ரிமோட் தோப்பின் கடைசி வரைக்கும் எட்டியது. புதியவர் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். சவரிமுத்துவுக்குக் கிடைத்த பெயர் உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாள் போகப்போக மறைத்தது தவறைவிடப் பெரிதாகி, நான் வெளியே வர முடியாத இடமாகிவிட்டது. ஆறு வருடம் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். "உங்களுக்கு வெஞ்சனம் பத்தாது சார்" என்று தன் டப்பாவிலிருந்து தொடுகறியை எடுத்து வைப்பார்.

ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்தார். பழைய போர்டு ஒன்றையும் புதியது ஒன்றையும் எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். செம்பு இல்லாத இடத்தில் போர்டு வெளிச்சத்தை விடும்.

"புதுசுல இந்த மூலையில வெளிச்சம் வருது சார். பழசுல வரல."

"ஆமாம்" என்றேன்.

சற்று நேரம் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்றுதான் நின்றார் என நினைக்கிறேன். என் பென்சிலை நான் சீவிக்கொண்டிருந்தேன். இரண்டு போர்டுகளையும் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, "சரி சார், வாங்க சாப்பிட" என்றார். அதைப் பற்றி அதன்பின் அவர் பேசியதே இல்லை. அதை மன்னிப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. நான் கேட்கவே இல்லையே.

ஸ்டெல்லா, இந்தக் கடிதம் உனக்கும்தான். உன் அப்பா ஒரு பெட்டியைக்கூடத் தப்பாக மாட்டியதில்லை. தப்பு என் மேசையில் நடந்தது. இதன் பிரதி ஒன்றை இன்று காலை முதலாளியின் கையில் கொடுத்துவிட்டேன். என்ன சொல்வார் என்று தெரியவில்லை. உன் அப்பாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஜன்னலோரம் அவர் எனக்காகக் காத்து நின்ற அந்தச் சற்று நேரம்தான். உண்மையைச் சொல்ல அவர் நேரம் கொடுத்தார், நான் எடுத்துக்கொள்ளவில்லை.