ஈஸி அக்காவும் நாலு வைத்தியர்களும்

கண்ணாடியைத் துடைத்து முடிக்கும் வரை ஓநாய்கள் கடித்துக்கொண்டிருக்கட்டும் என்பது ஈஸி அக்காவின் கொள்கை. திரையில் மூன்று ஓநாய்கள் அவருடைய ஆட்களைச் சுற்றி வளைத்துக் குதறிக்கொண்டிருக்கும். அக்கா கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தி வராமல் ஊதி மறுபடியும் துடைப்பார். "இருப்பா, வரேன். எங்க ஓடிப் போகப் போறேன்" என்று ஓநாய்களிடம் சொல்வார். மாட்டிக்கொண்டு நிமிரும்போது நான்கு பேரும் செத்துக் கிடப்பார்கள். அக்கா பக்கத்தில் இருக்கும் நோட்டில் ஒரு கோடு போடுவார். அன்றைய பன்னிரண்டாவது சாவு.

இதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நாங்கள் கணினி விளையாட்டு தயாரிக்கிறவர்கள். வாள், மந்திரம், அரக்கர்கள் என்று போகும் கதை. விளையாடுகிறவர் நான்கு பேர் கொண்ட குழுவைச் சேர்க்க வேண்டும். போர்வீரர், மந்திரவாதி, வில்லாளி, திருடர், வைத்தியர், பாணர் என்று ஆறு தொழில்கள் இருக்கின்றன. யாருக்கு எது என்பது அவரவர் விருப்பம். பிறகு எவ்வளவு கடினமாக விளையாடப் போகிறோம் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்: எளிது, நடுத்தரம், கடினம், கொடூரம். கொடூரத்தைச் சோதிக்க எங்களிடம் ஆறு பேர் இருக்கிறார்கள், தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் ஜெயிப்பார்கள். எளிதைச் சோதிக்க ஒரே ஒருவர். அவரால் தாண்ட முடிந்தால் அது எளிது, முடியாவிட்டால் இல்லை. அதனால்தான் ஈஸி அக்கா. இயற்பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

பதினோரு வருடம் அவர் வரவேற்பு மேசையில் இருந்தவர். வாசலில் அட்டையைக் காட்டினால் கதவைத் திறக்கும் இயந்திரம் வந்தது. வேறு வேலை தேடிக்கொள்ள அக்காவுக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். அந்த மாதத்தில் ஒரு மதியம், தராசு என்று நாங்கள் கூப்பிடும் பையன் அவரைச் சும்மா ஒரு தடவை விளையாடிப் பார்க்கச் சொன்னான். எந்த அடிக்கு எவ்வளவு உயிர் குறைய வேண்டும், எந்தத் தொழிலுக்கு எவ்வளவு பலம் என்று நிறுத்துப் பார்ப்பதுதான் அவன் வேலை. "முதல் ரூம்ல இருந்து சின்னக் குழந்தைகூட வெளிய வந்துடும்கா" என்றான். அக்கா இருபத்திரண்டு நிமிடம் சுவரைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தார். "கதவு எங்கப்பா வச்சீங்க?" என்று கேட்டபோது தராசின் முகம் வெளுத்துவிட்டது. மறுவாரம் அவருக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டார்கள்.

குழு சேர்ப்பதில் அக்காவின் நியாயம் தனி. முதல் நாளே நாலு வைத்தியர்களைச் சேர்த்தார். போர்வீரன் ஒருத்தனாவது வேண்டாமா என்று கேட்டோம். "நாலு பேர்ல ஒருத்தருக்கு முடியலேன்னா மத்த மூணு பேர் பாத்துப்பாங்க இல்ல? போர்வீரன் என்னத்தப் பாப்பான்?" என்றார். அந்த நாலு வைத்தியர்களும் சதுப்புநில அரக்கனிடம் போய்ச் சேர்ந்தார்கள். அரக்கன் ஒருவரை அடிப்பான், மற்ற மூவரும் மருந்து போடுவார்கள். கையிலிருக்கும் குச்சியால் இவர்கள் ஒரு தட்டு தட்டுவார்கள், அரக்கனுக்கு அந்தக் காயம் தானே ஆறிவிடும். ஒன்றரை மணி நேரம் யாரும் சாகவில்லை. ஆபீஸே வேலையை விட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றது. அக்கா திரும்பி, "ஏம்ப்பா, இவன் சாப்பிடப் போகமாட்டானா?" என்றார்.

தராசு அன்று சாயங்காலமே எளிது நிலையில் அரக்கனுக்குக் காயம் ஆறாதபடி செய்தான். எந்தத் தொழிலை எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் எளிது நிலையில் கதை முடிவு வரை போய்ச் சேர முடியவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். இன்னும் ஒட்டியிருக்கிறது. ஓரம் சுருண்டுவிட்டது.

திருடரை மட்டும் அக்கா குழுவில் சேர்க்கவே மாட்டார். ஊர்க்காரர்களின் வீட்டுக்குள் நுழைந்து பானையைத் திறந்து மருந்தும் நாணயமும் எடுத்துக்கொள்வது இந்த மாதிரி விளையாட்டுகளில் எல்லோரும் செய்வது. அக்கா செய்யமாட்டார். "அவங்க வீட்டுல இல்லாத நேரத்துல பூந்து பானையைத் திறக்கறதா? உங்க வீட்டுல இப்படியா வளர்த்தாங்க?" இரண்டாம் கட்டத்தில் பூட்டிய கதவு ஒன்று வரும். திருடர் இல்லாதவர்கள் அதை உடைக்க வேண்டும். அக்கா தட்டப் பார்த்தார், தட்டுவதற்குப் பொத்தான் இல்லை. இப்போது இருக்கிறது. தட்டினால் உள்ளே இருப்பவர் ஏதாவது பேச வேண்டுமே. கதைமாந்தர்களின் வசனம் எழுதுவது என் பிழைப்பு. அக்காவின் நல்லொழுக்கத்தால் நாற்பத்துமூன்று வீட்டுக்காரர்களுக்கு நான் உட்கார்ந்து வசனம் எழுதினேன். வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

எட்டு மாதம் போனது. அதற்குள் நடக்கக்கூடாத ஒன்று நடக்க ஆரம்பித்தது. அக்காவுக்கு விளையாட வந்துவிட்டது.

முதலில் கவனித்தது நான்தான். ஒரு நாள் கண்ணாடியை ஆட்டம் தொடங்கும் முன்பே துடைத்து வைத்துக்கொண்டார். இன்னொரு நாள், "இந்த வில்லாளிப் பொண்ணுக்கு எதுக்கு இரும்புச் சட்டை? ஓடமாட்டேங்கறா பாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அதைக் கழற்றிப் போர்வீரனுக்குப் போட்டார். ஆமாம், போர்வீரன். குழுவில் வைத்தியர் ஒருவராகக் குறைந்து, கேடயக்காரன் ஒருவன் வந்திருந்தான். அவனைக் குறுகலான வழியில் முன்னால் நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து மந்திரவாதியை வைத்து நெருப்பு வைத்தார். கடினத்தைச் சோதிக்கிறவர்கள் செய்கிற வேலை அது.

ஒரு வியாழக்கிழமை குகைக் கரடியை முதல் தடவையிலேயே வீழ்த்தினார். அடுத்தவர் வீட்டில் தட்டை உடைத்தவர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஆட்டத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய், கரடியிடம் மூன்று முறை செத்துவிட்டு நோட்டில் மூன்று கோடு போட்டார். தராசு வந்து பார்த்துவிட்டு, பாவம் அக்கா என்று கரடியின் நகத்தைக் குறைத்தான். அடுத்த வாரம் அக்கா ஒரு பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தார். தராசு பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டான்.

மதியம் மற்றவர்கள் கீழே போனபோது நான் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, பள்ளத்துல விழறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தைச் சேமிச்சு வச்சுட்டு விழறீங்களே, ஏன்?"

சேமித்து வைத்தால் செத்த பிறகு அந்த இடத்திலிருந்தே தொடரலாம், விழப்போகிறோம் என்று தெரியாதவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். அக்காவுக்கு எதையும் வீணாக்கி வழக்கமில்லை, பொய்ச் சாவிலும் அந்தச் சிக்கனம் வந்துவிட்டது. அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி, மறுபடி திறந்து, மூடினார்.

"நல்லா விளையாடினா என்னை எதுக்கு வச்சிருப்பாங்க? நல்லா விளையாடறவங்கதான் ஆறு பேர் இருக்காங்களே. பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு. அவருக்கு முட்டி போனதுல இருந்து வேலைக்குப் போகமுடியல. உனக்குத் தெரிஞ்சது உன்னோட இருக்கட்டும்பா."

என்னோடு இருந்தது. எனக்கு அவரைப் பிடிக்கும், அவ்வளவுதான் காரணம். பதினோரு வருடம் தினமும் காலையில் என் முகத்தைப் பார்த்தே தூங்கினேனா இல்லையா என்று சொன்னவர் அவர். இயந்திரம் அட்டையைத்தான் பார்க்கிறது.

விளையாட்டு வெளிவர மூன்று வாரம் இருக்கும்போது, வெளியாட்கள் முப்பது பேருக்குப் பார்க்கக் கொடுத்தோம். இதுவரை இப்படி எதையும் விளையாடாதவர்கள், எல்லோரும் எளிது நிலையில்தான். பத்தொன்பது பேர் ஐந்தாம் கட்டத்துக் கயிற்றுப் பாலத்தில் மாட்டிக்கொண்டார்கள். வௌவால் கூட்டம் வரும், ஆட்களைப் பின்னால் நகர்த்தவேண்டும், அந்த நகர்த்தல் பிடிபடாதவர்களுக்குப் பாலமே முடிவு. தராசுக்குப் புரியவில்லை. "அக்கா அந்தப் பாலத்துல ஒரு தடவைகூட சாகலையே" என்று நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அக்காவும் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. ஐந்தாம் கட்டத்துக்கு வருவதற்குள் அவருக்கு விளையாட வந்துவிட்டிருந்தது, அது கஷ்டமான இடம் என்பதே தெரிந்திருக்கவில்லை. பொய்யாகச் செத்த இடத்திலெல்லாம் வேலி வந்துவிட்டது, நிஜமாகச் சாகவேண்டிய இடத்தை அவர் சும்மா நடந்து கடந்திருக்கிறார்.

வந்திருந்த கடிதங்களில் ஒன்றைத் தராசு சத்தமாகப் படித்தான். "எளிது என்று போட்டிருக்கிறீர்கள். மூன்று நாளாக அதிலேயே தோற்றுக்கொண்டிருக்கிறேன். இதுகூட வரவில்லையா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். நடுத்தரம் என்று போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது." எழுதியவர் ஒரு பெண், வயது ஐம்பத்தைந்து. "கவனிச்சு விளையாடியிருக்கமாட்டாங்க. அக்கா தாண்டிட்டாங்க, அதுதான் கணக்கு. நாளைக்கு எளிதை மூடிடறேன்" என்றான் தராசு. மூடிவிட்டால் அப்புறம் மாற்றமுடியாது.

அக்கா அந்தக் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். அன்று மீதி நேரம் முழுக்கக் கன்ட்ரோலரைத் தொடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா தனியாக வரவில்லை. கூட வந்தவர் அவருடைய நாத்தனார், கணவரின் அக்கா. துணிக்கடையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அதைவிட அதிக வருடமாக, அக்கா மடித்து வைத்த துணியை அவிழ்த்து மறுபடி மடித்து வைக்கிறவர். அக்கா இவரைப் பற்றிப் பேசியதை எல்லாம் நான் இங்கே எழுதமுடியாது. வந்தவர் ஆபீஸை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சம்பளம் குடுத்து விளையாடச் சொல்றாங்கன்னு சொன்னப்ப நான் நம்பவே இல்ல. நெஜமாத்தான் இருக்கு" என்றார்.

அக்கா தராசின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். "தம்பி, மூடிட்டியா?"

"இல்லக்கா, இப்பத்தான் மூடப்போறேன்."

"மூடாத. கரடிகிட்ட நான் செத்ததெல்லாம் வேணும்னே செத்தது. பள்ளத்துல விழுந்ததும் அப்படித்தான். எனக்கு விளையாட வந்து மூணு மாசம் ஆச்சு. என்னை வச்சு அளந்தா அந்தம்மா மாதிரி இருக்கறவங்க பாலத்துலயே நின்னுடுவாங்க. பாவம், சிரிக்கறாங்களாம் வீட்டுல." நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார். "இவங்களுக்கு டிவி ரிமோட்டே வராது. இவங்களை உக்கார வை."

"என்னை எதுக்குடி இதுல இழுக்கற?" என்றார் நாத்தனார்.

"அண்ணி, பத்து நிமிஷம். எனக்காக."

கொடூரக்காரர்கள் ஆறு பேரும் ஹெட்போனைக் கழற்றியிருந்தார்கள். தராசு நோட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "அப்ப நீங்க எங்கக்கா உக்காருவீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இவங்க தாண்டட்டும்."

நாத்தனார் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, பையின் மேல் கன்ட்ரோலரைத் தலைகீழாக வைத்துக்கொண்டார். தராசு அதைத் திருப்பிக் கொடுத்தான். குழு சேர்க்கும் திரை வந்தது. ஆறு தொழிலையும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துவிட்டு நாத்தனார் பாணரைக் காட்டினார். "இது நல்ல துணி. மத்ததெல்லாம் ஒரே கசங்கல். நாலு பேரும் இதையே போட்டுக்கட்டும்."

நாலு பாணர்கள். பாட மட்டும் தெரிந்தவர்கள். அந்தக் குழு உலகத்தில் யாருக்கும் தோன்றாது என்று நம்பியிருந்த தராசு, பேனாவைத் தேடி எடுத்துப் புதுப் பக்கத்தைத் திருப்பினான்.

ஐந்தாம் கட்டத்திலிருந்து ஆரம்பித்துக் கொடுத்தார்கள். பாணர்கள் நான்கு பேரும் கசங்காத உடையில் கயிற்றுப் பாலத்தில் ஏறினார்கள். வௌவால்கள் வந்தன. நாத்தனார் திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், எதை அமுக்குவது என்று தெரியாமல் மேலே நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு விரலை நீட்டியிருந்தாலும் போதும். வாழ்க்கையில் முதல்முறையாக நாத்தனாருக்குத் தெரியாத ஒன்று இவருக்குத் தெரியும். அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

என் மேசை அவர்களுக்குப் பின்னால் இருந்தது. முதல் பாணர் பாலத்திலிருந்து விழுந்தார், இரண்டாமவர் விழுந்தார். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் அக்காவின் இரண்டு கட்டைவிரல்களும், கையில் எதுவும் இல்லாமலே, இடது, இடது, மேல், வலது என்று சரியான வரிசையில் அமுக்கிக்கொண்டிருந்தன.