வாடகைக்காரர் அறையில் ஒரு மேசை

1. புதன்

சனிக்கிழமை திறப்பு விழா. புதன் மதியம் சிவபாலன் அங்கிள் மேல்மாடி அறை வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கம் உள்ள அந்த விக்டோரியன் வீட்டை மியூசியமாக்கும் பொறுப்பைக் கவுன்சில் என்னிடம் கொடுத்திருந்தது. பதவியின் பெயர் கியூரேட்டர். அந்த வாரம் முழுக்க மாடிப்படிதான் என் ஆபீஸ். ஏறினால் கீழே மறந்தது நினைவுக்கு வரும். இறங்கினால் மேலே அணைக்காத விளக்கு கூப்பிடும்.

கட்டிய பணக்காரக் குடும்பம் போனபின் அந்த வீடு நெடுங்காலம் வாடகை அறைகளாகக் கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த புதிதில் அங்கிள் அங்கேதான் தங்கினார். பிறகு படித்து ரயில்வே எஞ்சினியராகி, ஓய்வும் பெற்று, இப்போது எங்கள் வாலண்டியர் கைடு. பேச்சுவாக்கில் அவரிடம் விவரம் கேட்டுக்கேட்டு, இரும்புக்கட்டில், ஒற்றை அடுப்பு, ஜன்னலில் கிழிந்த போர்வை என்று அவருடைய பழைய அறையை அடுக்கினேன். எதற்கென்று சொல்லவில்லை. பார்த்து மகிழட்டும் என்று நினைத்தேன்.

“எப்படி இருக்கு அங்கிள்?”

“மூட்டைப்பூச்சி மட்டும்தான் இல்லை.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இதை எடுத்துப்போடுங்கோ பிள்ளை.”

“ஏன் அங்கிள்? கீழ அந்தப் பணக்காரக் குடும்பத்தோட பீங்கானை மட்டும் காட்டினா பாதிக் கதைதானே?”

“கீழ நிண்டு, இவை பியானோ வாசிச்சவை, விருந்து குடுத்தவை எண்டுவியள். மேல வந்து, இவை இதில கிடந்தவை எண்டுவியள். நாங்கள் கிடந்தது மட்டுமே? சமைச்சனாங்கள், சண்டை பிடிச்சனாங்கள், விடிய விடியச் சீட்டு விளையாடினனாங்கள். சனிக்கிழமை என்ர சம்பந்தி வீட்டுக்காரர் வருகினம். அவைக்கு என்னை எஞ்சினியராத்தான் தெரியும். முதல்ல இந்தக் கட்டிலையோ காட்டுறது?”

2. வியாழன்

அங்கிள் சொன்னதைச் சொன்னதும் மேனேஜர் ஹெலன் பிரோஷரை எடுத்து நீட்டினாள். அதில் ‘வாடகைக்காரர் அறை’ என்று படத்தோடு அச்சாகிவிட்டது. ஒருவர் கூச்சப்படுகிறார் என்பதற்காக அந்தக் காலத்தையே மூடிவைக்க முடியாது என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அங்கிள் சொன்னதிலும் இருந்தது. இரண்டு நியாயங்களைச் சுமந்துகொண்டு அந்த வீட்டுக்குள் எத்தனை தடவை சுற்றினேன் என்று தெரியாது. மரத்தரை முனகியது, அறைகள் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டன. கடைசியில் அங்கிளுக்குப் போன் போட்டு, முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

“அந்த ரூம்ல என்ன இருக்கணும்னு நீங்க சொல்லுங்க அங்கிள்.”



“ஒரு மேசை. நாலு கதிரை. சீட்டுக்கட்டு நான் கொண்டு வாறன்.”

“பார்க்க வர்றவங்க உட்காரலாமா?”

“இருக்காமல் எப்பிடிப் பிள்ளை விளையாடுறது?”

3. சனி

கீழே எல்லா நாற்காலிகளின் குறுக்கேயும் கயிறு. மேலே கட்டில் இருந்த இடத்தில் மேசையும் நாலு நாற்காலியும்; அங்கே மட்டும் கயிறில்லை. மியூசியத்தில் உட்காருவதா என்று ஹெலன் வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அங்கிள் அவளையும் இழுத்து இருத்தி முன்னூற்றுநாலு என்ற சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். எதிரே சம்பந்தியும் அவர் மனைவியும்.

சம்பந்தி சுவரைச் சுற்றிப் பார்த்தார். “நீங்கள் இந்த வீட்டிலயோ இருந்தனீங்கள்?”

என் கால்கள் முதல்முறையாக ஓரிடத்தில் நின்றன.

“ஓம். இந்த அறையிலதான். ஆறு பேர்,” என்றார் அங்கிள், கையிலிருந்த சீட்டை விரித்துக்கொண்டே. “அதில ஒருத்தனும் உங்களைப்போல இவ்வளவு நேரம் யோசிக்கேல்லை. எத்தனைக்குக் கேக்கிறியள்? உங்கட முறை.”

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். உயிரோடு இருப்பவரின் அறையை அடுக்கும்போது, அங்கே என்ன இருந்தது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எதைக் காட்டலாம் என்றும் அவரையே கேளுங்கள்.