சிற்றம்பலம் அண்ணையின் ஓம்

நெடுங்கேணியில் எங்களுக்குப் பக்கத்து வீடும் வளவும் ஜெகதீஸ்வரி அக்காவுடையவை. சண்டைக்காலத்துச் செல்லடியில் கண் இரண்டும் போனபிறகுதான் அவருக்குக் கல்யாணம் நடந்தது. புருஷன் சிற்றம்பலம் அண்ணையின் முகத்தை அக்கா ஒருநாளும் கண்டதில்லை. குரல்தான் அவருக்குப் புருஷன். "இஞ்சாருங்கோ" என்று குசினி அடுப்படியிலிருந்து கூப்பிட்டால், வளவின் எந்த மூலையிலிருந்தும் ஆமாம் என்கிற எங்களூர் "ஓம்" பதிலாக வரும். பின்னாலேயே ஆளும் வந்து நிற்பார்.

அந்தக் குரலைத்தான் தொண்டைப் புற்றுநோய் கொண்டுபோனது. ஒப்பரேசனுக்குப் பிறகு அண்ணை போனில் எழுதுவார், அது வாசித்துச் சொல்லும். யாரோ முன்பின் தெரியாத ஆளின் குரல். "ஓம்" என்று எழுதினால் ஐயர் மந்திரம் சொல்வதுபோல நீட்டி முழக்கும். முதல்நாள் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதென்னப்பா, சோறு போடவோ எண்டு கேட்டால் பூசை நடக்குது!"

சிரித்த வாய் அப்படியே அழத் தொடங்கியது. பிறகு ஓமுக்குப் பதிலாக அண்ணை பக்கத்தில் வந்து அக்காவின் மணிக்கட்டில் தட்டுவார். போன மாரிமழைக் காலத்தில் அண்ணை செத்துப்போக, அதுவும் நின்றது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கனடாவிலிருந்து அண்ணையின் தமக்கை மகன் கிருசாந்தன் வந்தான். மாமா முன்பு அனுப்பிய குரல்செய்திகளையெல்லாம் சேர்த்து, போனுக்குள் மாமாவின் குரலையே ஆக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"மாமி, இனி மனுசர் முழுசாச் சாகத் தேவையில்லை. கேட்டுப் பாருங்கோ, மாமா பதில் சொல்லுவார்."

எனக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது.

அக்கா போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ."

"ஓம்."

அதே குரல். கெட்டிக்காரன், அந்த மந்திர ஓமைக்கூடத் திருத்திவிட்டான்.

"நான் கதைக்கிறது கேக்குதோ?"

"ஓம்."

"சுகமா இருக்கிறியளோ?"

"ஓம்."

"அப்ப வீட்டை வாறியளோ?"

"ஓம்."

கிருசாந்தன் பாய்ந்து போனைப் பறித்து நிறுத்தினான். அதற்குள் அக்கா எழும்பிவிட்டார். சீலையைச் சரிசெய்து, சுவரைத் தடவித் தடவி முற்றத்தில் இறங்கி, போய் வாசல் வேலிப் படலையைத் திறந்துவைத்தார்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"உள்ளுக்கு வாங்கோ அக்கா, அது மிசின்."

"விடு பிள்ளை," என்றார். முகம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. "ஓம் எண்டு சொல்லிப்போட்டு அவர் ஒருநாளும் வராமல் விட்டதில்லை."