கயிற்றைத் தாண்டி ஓடிய நாள்

போன ஜூலையில், கணவரின் அலுவலக வேலையாக மங்கோலியா போயிருந்தபோது, அது முடிந்த மறுநாள், மங்கோலியர்களின் நாடாம் திருவிழாவில் குதிரைப் பந்தயம் பார்க்கப் போனோம். தலைநகர் உலான்பாத்தருக்கு வெளியே பெரிய புல்வெளி; பந்தயப் பாதையோரம் தடுப்புக் கயிறு. எங்கள் ஊரான யாங்கோனில், கியாக்டடா பகுதியின் பேருந்து நெரிசலுக்கு நடுவே, மகளின் மணிக்கட்டு சிவக்கும்வரை பிடித்துக்கொண்டு போகிறவள் நான். அங்கும் அப்படித்தான் பிடித்திருந்தேன்.

குதிரைகளை ஓட்டுவது குழந்தைகள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மங்கோலியப் பெண் கைபேசியில் ஒரு படம் காட்டினாள்.

"அவங்க பொண்ணு. ஏழு வயசு. இன்னைக்கு ஓட்டுறா" என்று எங்கள் வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்.

என் மகள் தமீக்கு ஆறு.

"நம்ம தமீ லிஃப்ட்ல ஏறவே அழுவா" என்று கணவர் சிரித்தார்.

"சும்மா இருங்க."

அவர் இறைச்சி வைத்துப் பொரித்த பலகாரம் வாங்க வரிசைக்குப் போனார்.

முதலில் புழுதி வந்தது. பிறகு குதிரைகள். எங்களுக்கு நேர் எதிரே சிவப்புச் சட்டைக் குழந்தை ஒன்று சரிந்து விழுந்தது. குதிரை அவள் இல்லாமலே ஓடியது. படத்தில் பார்த்த அதே முகம். அடுத்து எனக்கு நினைவிருப்பது, கயிற்றுக்கு அடியில் நுழைந்து நான் ஓடிக்கொண்டிருந்ததுதான்.

நான் போவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். என் கையைத் தட்டிவிட்டு, அழுதபடி குதிரையின் பின்னால் நொண்டி நடந்தாள். பெற்றவள் எங்கே, இவளெல்லாம் ஒரு தாயா என்று கோபம் வந்தது. அதற்குள் ஒரு காவலர் என்னை ஓரமாக இழுத்தார். அடுத்த குதிரைக் கூட்டம் எங்களை உரசிக்கொண்டு போனது.

அப்போதுதான் என் கையில் மகள் இல்லை என்பது உறைத்தது.

திரும்பி ஓடினேன். அந்த மங்கோலியப் பெண் புல்லில் மண்டியிட்டு, திமிறும் என் மகளை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நீங்க ஓடினதும் பாப்பாவும் கயித்துக்குள்ள நுழைஞ்சிட்டா. இவங்கதான் பாய்ஞ்சு பிடிச்சாங்க" என்றாள் வழிகாட்டி. அவள் முகம் வெளுத்திருந்தது.

மகளை நான் வாங்கிக்கொண்ட பிறகே அந்தத் தாய் எழுந்து தன் மகளிடம் ஓடினாள்.

கணவர் பொட்டலத்தோடு வந்தார். "ஏம்மா, தமீ ஏன் இப்படி நடுங்குறா?"

"குதிரையைப் பார்த்துப் பயந்துட்டா" என்றேன்.

"நான் பயப்படலப்பா" என்றாள் மகள். "அம்மாதான் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க."