வரிதோறும் என்டர் தட்டிய அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவில் இந்த மலரை வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சுருக்கமாகவே எழுதுகிறேன். நீட்டி முழக்கினால் அவருக்கே பிடிக்காது.

அக்கா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் கப்பலேறி வந்து பந்தலூரில் குடியேறினார். நான் பல வருடம் கழித்து இங்கே பிறந்தவன். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா படுக்கையில் விழுந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுத் தேர்வு தேறிய அக்கா, தோட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நாங்கள் மூவரும் இருந்த வீடு அந்த வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும்.

தேயிலை விலை விழுந்த வருடங்களில் எங்கள் வீட்டில் அதே பேச்சுதான். அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. நாங்கள் துரை என்று அழைக்கும் எங்கள் தோட்ட மேலாளர் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப்போட்டார். "இதுல லெட்டர் அடிக்க வராட்டி, அடுத்த மாசத்துலேர்ந்து டைப்பிஸ்ட் வேணாம்" என்று சொல்லிவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து வந்து அதைப் பொருத்தியவர், ஒரு பிற்பகல் சொல்லிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். பிறகு அக்கா தனியாகத்தான் அதோடு மல்லுக்கட்டினார்.

எழுத்தைப் பெரிதாக்குவது, அழிப்பது, சேமிப்பது எல்லாம் வந்துவிட்டன. ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. தட்டச்சுப் பொறியில் வரி முடியப்போகும்போது மணி அடிக்கும். நாம்தான் தாள் சுற்றிய உருளையைத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டரில் வரி தானாகவே கீழே இறங்கிவிடும். அக்காவோ ஒவ்வொரு வரி முடிவிலும் என்டரைத் தட்டினார்.

துரை முன்னால் அடித்துக்காட்டிய நாளில் அது காட்டிக்கொடுத்துவிட்டது. கடிதத்தின் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார் துரை. ஆக்கியதும் வரிகள் எல்லாம் உடைந்தன. ஒரு வரி முழுதாகவும் அடுத்த வரி ஒற்றைச் சொல்லாகவும் நின்றன.

"என்னம்மா, பாதிக் கொழுந்து எடுத்த செடியாட்டம் நிக்குது?"

"கொஞ்சம் பொறுங்க தொரை" என்ற அக்கா, முழுக் கடிதத்தையும் முதலிலிருந்து பெரிய எழுத்தில் அடித்தார், மறுபடியும் வரிக்கு வரி என்டர் தட்டி. துரையின் கையிலிருந்த டீ ஆறுவதற்குள் தாள் வெளியே வந்துவிட்டது. அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வேலை தங்கியது, வீடும் தங்கியது. செய்தி கேட்டு அம்மா அழுதார். அக்கா உலை வைக்கப் போய்விட்டார்.

அந்தப் பழக்கத்தை விடச் சொல்லி நானும் பலமுறை சொன்னேன். "வரிய நாமதானேடா முடிக்கணும்? அதுவா விழுந்தா நமக்கென்ன மரியாத?" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் படிக்கவைத்தார், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். ஓய்வுக்குப் பின் குன்னூரில் என்னோடு இருந்தார். சிறுநீரகம் கைவிட்ட கடைசி மாதங்களில் என் லேப்டாப்பைக் கேட்டு வாங்கினார். "எனக்கு மலர் போடுவீல்ல? நன்றிய நானே அடிச்சு வைக்கிறேன். நீ எழுதுனா பாதிப் பேர விட்டுடுவ."

பக்கம் குறுகல் என்பதால் வரிகள் உடைகின்றன, சேர்த்துவிடலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. அக்கா அடித்தது அடித்தபடியே:

என்னைப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிப் பெண்களுக்கும்
கஞ்சி
கொண்டுவந்த அடுத்த வீட்டு அம்மாவுக்கும் பந்தலூரிலிருந்து
பஸ்ஸேறி
வந்த சொந்தங்களுக்கும் நன்றி. தம்பிக்கு நன்றி சொல்ல
மாட்டேன்.
பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா?