சத்தம் போடாத கார்

2007-இல் ஒரு நாள், விளக்கு வைக்கும் நேரத்தில், அப்பா இறந்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முதலியார்பேட்டையில் அப்பாவை, வைத்திலிங்கம் டிரைவரை, தெரியாதவர்கள் இல்லை. எந்த வண்டியையும் இன்ஜின் சத்தத்தை வைத்தே எடை போடுவார். பாரீசில் இருக்கும் அண்ணன், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் பழைய ஹைப்ரிட் கார் ஒன்று வாங்க நினைத்தபோது, முதலில் வந்த மாடலா, அடுத்து வந்ததா என்று அவரைத்தான் கேட்டான். முதல் மாடலைப் பார்க்கப் போனவனிடம், போனை பானெட் பக்கம் வைக்கச் சொன்னார்.

"ஸ்டார்ட் பண்ணுடா."

"பண்ணிட்டேம்பா. பேட்டரியில ஓடுது, சத்தம் வராது."

"செத்த வண்டிய உன் தலையில கட்டப் பாக்குறான்டா!"

அண்ணன் விளக்கியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எத வாங்கினாலும், நான் அங்க வர்றப்போ முன்சீட்டு எனக்கு" என்றார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குக் கார் ஓட்டியவருக்கு, மகன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போக ஆசை.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த மாடலின் சத்தத்தையும் போனில் கேட்டுவிட்டு, எதை வாங்குவது என்று சொல்வதாக இருந்தார். ஞாயிறு வருவதற்குள் ஆஸ்பத்திரி போன் வந்துவிட்டது; அந்தச் சத்தத்தை அவர் கேட்கவில்லை.